போர்டு ஒன்று, மென்பொருள் மூன்று: மைக்ரோகன்ட்ரோலருக்கு நிரல் எழுத எதை நிறுவுவது?

தீபாவளி விடுமுறைக்கு வந்த அக்கா மகன் பலகாரத் தட்டைக்கூடத் தொடவில்லை. பொறியியல் முதலாம் ஆண்டு. ஒரு கையில் ஈஎஸ்பி32 என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டு (நிரல் ஏற்றி ஓட்டும் சிறு பலகை), இன்னொரு கையில் திறந்தபடியே மடிக்கணினி.

"மாமா, போர்டு செத்துப்போச்சுன்னு நினைக்கிறேன். நேத்து ஓடுச்சு. இன்னிக்கு எதுல போட்டாலும் ஏற மாட்டேங்குது."

"எதுல போட்டாலும்னா? எத்தனை வெச்சிருக்க?"

மூன்று வைத்திருந்தான். முதலில் பார்த்த காணொளியில் ஆர்டுயினோ ஐடிஇ (நிரல் எழுதி போர்டில் ஏற்றும் மென்பொருள்), அதை நிறுவினான். அடுத்ததில் ஒருவர் அதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு என்று சொல்லி விஎஸ் கோடு என்ற எடிட்டரும் அதற்குள் சேரும் பிளாட்ஃபார்ம்ஐஓவும் போடச் சொன்னார், அதையும் போட்டான். மூன்றாவது பைத்தான் பாடம், அதற்குத் தான்னி என்ற எடிட்டர். மூன்றும் திரையில் திறந்து கிடந்தன. தான்னி போர்டோடு பேசிக்கொண்டிருந்ததால் சீரியல் போர்ட், அதாவது கணினியும் போர்டும் பேசிக்கொள்ளும் வாசல், அதன் பிடியில் இருந்தது. விண்டோஸில் ஒரு சீரியல் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடித்துக்கொள்ள முடியும். தான்னியை மூடிவிட்டு ஆர்டுயினோவில் அப்லோடு அழுத்தினேன். போர்டின் நீல விளக்கு மினுக்கத் தொடங்கியது. அவனும் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தான்.

"அப்ப மூணுல எதை வெச்சுக்கறது மாமா?"

புதிதாக வருகிற எல்லோரும் கேட்பது இதைத்தான். எது சிறந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். கையில் எந்த போர்டு, மேசையில் எந்தக் கணினி, உங்களுக்கு ஏற்கெனவே எந்த மொழி பழக்கம் என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். அந்த வரிசையிலேயே போவோம்.

அதற்கு முன் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். மென்பொருளை மாற்றி மாற்றி ஏற்றுவதால் போர்டு சாகாது. ஈஎஸ்பி32, ராஸ்பெரி பை பிக்கோ இரண்டிலும் புது நிரலை வாங்கிக்கொள்ளும் சிறு நிரல் (பூட்லோடர்), சிப்பிலேயே அழிக்க முடியாத இடத்தில் இருக்கிறது. ஆர்டுயினோ ஊனோ போர்டில் அது அழியக்கூடிய இடத்தில் இருந்தாலும் பூட்டி வைத்திருக்கிறார்கள். போர்டு செத்தால் அது பெரும்பாலும் மின்சாரத்தால்: 3.3 வோல்ட் பின்னில் (ஒயர் மாட்டும் உலோகக் காலில்) 5 வோல்ட் கொடுத்தது, அல்லது இரண்டு ஒயர் தெரியாமல் தொட்டுக்கொண்டது.

முதலில் போர்டைப் பாருங்கள்

போர்டின் பெயர் தெரியாவிட்டால் அதன் மேல் இருக்கும் பெரிய கறுப்பு சிப்பில் அல்லது உலோக மூடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். சென்னை ரிச்சி தெருவில் வாங்கியதோ, இணையத்தில் வாங்கியதோ, தொடக்கநிலைக்காரர் கையில் இருப்பது அநேகமாக இந்த நான்கில் ஒன்று.

ஆர்டுயினோ ஊனோ அல்லது நானோ. சிப் ஏடிமெகா328பி. வேகம் 16 மெகாஹெர்ட்ஸ், நிரலுக்கு 32 கேபி இடம், ரேம் வெறும் 2 கேபி. இந்த 2 கேபியில் மைக்ரோபைத்தான், அதாவது போர்டுகளுக்கான சிறிய பைத்தான், ஓடாது. ஆகவே ஊனோ வைத்திருப்பவருக்கு மொழி சி++ என்பது முடிவான விஷயம், மென்பொருள் ஆர்டுயினோ ஐடிஇ. கடைக்காரர் ஊனோ ஆர்4 கொடுத்திருந்தால் அது 2023இல் வந்த வேறு சிப், ரேம் 32 கேபி. தொடங்குவதற்கு அதற்கும் அதே ஐடிஇதான்.

ஈஎஸ்பி32. வைஃபையும் புளூடூத்தும் உள்ளேயே உண்டு. 2016இல் வந்த முதல் வகையில் இரண்டு கோர், 240 மெகாஹெர்ட்ஸ் வரை வேகம், 520 கேபி ரேம். இதில் சி++, பைத்தான் இரண்டும் ஓடும். அதனால்தான் இதை வாங்கியவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். பின்னால் வந்த எஸ்3, சி3, சி6 வகைகளுக்கு ஆளுக்கொரு குணம் உண்டு. எது வாங்கினீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள், பிறகு தேவைப்படும்.

ராஸ்பெரி பை பிக்கோ. 2021 ஜனவரியில் 4 டாலர் விலையில் வந்தது. ஆர்பி2040 சிப், 264 கேபி ரேம். பைத்தானில் தொடங்க இதைப்போல் வசதியான போர்டு எனக்குத் தெரிந்து இல்லை.

மைக்ரோபிட். பிபிசி 2016இல் பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்தது. இதற்கு எதையும் நிறுவவே வேண்டாம். உலாவியில் மேக்கோடு தளத்தைத் திறந்து கட்டைகளை இழுத்து அடுக்கினால் போதும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைக் கொடுத்துவிட்டு நீங்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பிறகு கணினியைப் பாருங்கள்

ஆர்டுயினோ ஐடிஇயில் இரண்டு தலைமுறை உண்டு. 2022இல் முழுமையாக வெளிவந்த 2ஆம் பதிப்புக்கு விண்டோஸ் 10, அதுவும் 64 பிட் வேண்டும். எழுதும்போதே சொல்லை முடித்துத் தரும், பிழையைச் சிவப்புக் கோடு போட்டுக் காட்டும், பார்க்க நன்றாக இருக்கும். 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் பக்கத்தில் உலாவியும் திறந்திருந்தால் திணறும். அரசுப் பள்ளியில் கொடுத்த பழைய மடிக்கணினிதான் இருக்கிறது, அதில் விண்டோஸ் 7தான் என்றால் 1.8.19 என்ற பழைய பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அழகு குறைவு. ஊனோ, நானோவுக்கு அது தாராளம்.

இடமும் டேட்டாவும் இன்னொரு கணக்கு. ஊனோவுக்கு ஐடிஇயோடு வருவதே கிட்டத்தட்ட போதும். ஈஎஸ்பி32க்கான தொகுப்பு தனியாகச் சில நூறு எம்பி இறங்கும், விரித்த பிறகு சி டிரைவில் ஜிபி கணக்கில் உட்கார்ந்துகொள்ளும். செல்பேசி ஹாட்ஸ்பாட்டில் இறக்குபவர்கள் அன்றைய டேட்டா எவ்வளவு மிச்சம் என்று பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. பாதியில் நின்றால் மறுபடி முதலிலிருந்து என்றாகிவிடலாம்.

நமக்கென்று ஒரு எச்சரிக்கை. விண்டோஸில் பயனர் பெயரைத் தமிழில் வைத்திருந்தால், கோப்புறைப் பாதையிலும் தமிழ் எழுத்து வரும். நாம் எழுதியதை சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தரும் சில கம்பைலர் கருவிகள் அதைக் கண்டால் புரியாத பிழை ஒன்றைக் கக்கிவிட்டு நின்றுவிடும். நிரல்களுக்கென்று சி டிரைவில் ஆங்கிலப் பெயரில், இடைவெளி இல்லாமல் ஒரு கோப்புறை போட்டுக்கொள்ளுங்கள். நிரலுக்குள் குறிப்புகளைத் தமிழில் எழுதலாம், அதற்குத் தடையே இல்லை. நான் அப்படித்தான் எழுதுகிறேன். ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது என் ஆங்கிலக் குறிப்பைவிட அதுதான் எனக்குப் புரிகிறது. ஊனோவில் திரைக்கு அனுப்பும் வாசகத்தைத் தமிழில் வைத்தால் மட்டும் ரேம் கணக்கைப் பார்க்க வேண்டும். "வணக்கம்" என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, யூனிகோடில் ஏழு குறி, நினைவகத்தில் 21 பைட்டு. 2 கேபியில் அப்படி எத்தனை வாசகம் வைக்க முடியும்?

சி++ஸா, பைத்தானா?

கல்லூரியில் சி படித்திருந்தால் ஆர்டுயினோவின் சி++ இரண்டே நாளில் கைவந்துவிடும். பள்ளியில் பைத்தான் படித்திருந்தால், போர்டும் பிக்கோ அல்லது ஈஎஸ்பி32 என்றால், மைக்ரோபைத்தானில் தொடங்குங்கள். ஒரு வரி அடித்து என்டர் தட்டினால் அந்தக் கணமே விளக்கு எரியும். கம்பைல் ஆகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சென்சாரை இணைத்து என்ன எண் வருகிறது என்று விளையாடிப் பார்க்க இதற்கு ஈடு கிடையாது.

பைத்தான் வேகம் குறைந்தது என்பது உண்மை. ஆனால் செடிக்குத் தண்ணீர் விடவும், தொட்டியின் மட்டம் பார்க்கவும், அறையின் வெப்பத்தைக் குறித்துவைக்கவும் அந்த வேகமே மிச்சம். எனக்கு உறுத்துவது வேறு: இணையத்தில் ஒரு சென்சாரின் பெயரைத் தேடினால் ஆர்டுயினோவுக்குப் பத்து உதாரணம் வரும் இடத்தில் மைக்ரோபைத்தானுக்கு ஒன்றோ இரண்டோதான் வரும். தனியாக உட்கார்ந்து கற்பவருக்கு உதாரணங்களின் எண்ணிக்கை பெரிய துணை. அதனால் இரண்டில் எதுவும் தெரியாதவருக்கு நான் ஆர்டுயினோவையே சொல்வேன்.

ஆர்டுயினோ ஐடிஇ: நிறுவி, விளக்கை மினுக்குவது வரை

2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில், வடிவமைப்பு படிக்கும் மாணவர்களுக்காகத் தொடங்கியது ஆர்டுயினோ. மின்னணுவியல் தெரியாதவரும் ஒரு மாலைக்குள் விளக்கை மினுக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். இன்றும் அந்த ஒரு வேலையில் இதை மிஞ்ச ஆள் இல்லை.

ஆர்டுயினோவின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். இறக்கும்போது நன்கொடை கேட்டு ஒரு பக்கம் வரும். காசு கட்டினால்தான் கிடைக்கும் என்று நினைத்துத் திரும்பிப் போனவர்கள் எனக்கே இரண்டு பேரைத் தெரியும். வெறுமனே இறக்கிக்கொள்ளவும் அங்கேயே ஒரு பட்டன் இருக்கிறது. நிறுவும்போது டிரைவர் போடட்டுமா என்று விண்டோஸ் கேட்கும், சரி என்று சொல்லுங்கள்.

போர்டை யூஎஸ்பியில் செருகுங்கள். டூல்ஸ் மெனுவில் இரண்டு விஷயம் தேர்ந்தெடுக்க வேண்டும்: போர்டு, போர்ட். தமிழில் எழுதினால் இரட்டைப் பிள்ளைகள்போல் இருக்கின்றன, பாதி பேர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு இன்னொன்றை மறந்துவிடுகிறார்கள். போர்டு என்பது உங்கள் கையில் இருக்கும் பலகையின் வகை. போர்ட் என்பது அது கணினியில் எந்த வாசல் வழியாக வந்திருக்கிறது என்பது. விண்டோஸில் காம்3, காம்5 என்பதுபோல் ஓர் எண்ணோடு தெரியும். பட்டியலில் மூன்று நான்கு இருந்தால் கேபிளைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். எது காணாமல் போகிறதோ அதுதான் உங்களுடையது.

ஊனோ என்றால் போர்டு பட்டியலில் நேரே இருக்கும். ஈஎஸ்பி32 என்றால் இடது ஓரத்தில் உள்ள போர்ட்ஸ் மேனேஜரை (இந்தப் பெயரில் வருவது போர்டு, போர்ட் இல்லை) திறந்து ஈஎஸ்பி32 என்று தேடி, அந்த சிப்பைச் செய்யும் எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் பெயரில் இருக்கும் தொகுப்பை நிறுவுங்கள். தேடலில் அது வராவிட்டால் பிரிஃபரன்சஸ் பக்கத்தில் கூடுதல் முகவரிகளுக்கென்று ஒரு பெட்டி உண்டு. எஸ்பிரெசிஃபின் ஆவணத்தில் இருக்கும் முகவரியை அதில் ஒட்டிவிட்டு மறுபடி தேடுங்கள்.

அப்புறம் ஃபைல் மெனுவில் எக்ஸாம்பிள்ஸ், அதில் பேசிக்ஸ், அதில் பிளிங்க். அம்புக்குறி போட்ட அப்லோடு பட்டனை அழுத்துங்கள். ஊனோவில் இந்த நிரல் 924 பைட்டு எடுத்துக்கொண்டது, கொள்ளளவில் 2 சதவீதம் என்று கீழே ஒரு வரி வரும். பதிப்பைப் பொறுத்துச் சில பைட்டு முன்னே பின்னே இருக்கலாம். அந்த வரியைப் படிக்கும் பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். ரேம் கணக்கும் அதற்கு அடுத்த வரியில்தான் வருகிறது, நிரல் பெரிதாகும்போது முதலில் மூச்சு முட்டுவது அந்த ரேம்தான்.

விளக்கு மினுக்குகிறதா? போர்டில் ஏற்கெனவே பிளிங்க் ஏற்றித்தான் பல கடைகளில் விற்கிறார்கள். ஆகவே மினுக்குவதைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். நிரலில் டிலே என்று இருக்கும் இரண்டு இடத்திலும் 1000 என்பதை 100 ஆக்கி மறுபடி ஏற்றுங்கள். விளக்கு படபடவென்று அடித்துக்கொண்டால்தான் ஏற்றியது நீங்கள்.

ஈஎஸ்பி32இல் பிளிங்க் கம்பைல் ஆகும்போது, போர்டிலுள்ள விளக்கின் பெயர் தெரியவில்லை என்று பிழை வரலாம். அந்தப் பெயர் வரும் இடங்களில் 2 என்று எழுதிப் பாருங்கள், பல ஈஎஸ்பி32 போர்டுகளில் விளக்கு 2ஆம் பின்னில்தான் இருக்கிறது. சில போர்டுகளில் விளக்கே கிடையாது. அப்படியானால் தனியாக ஓர் எல்இடியும் 330 ஓம் ரெசிஸ்டரும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏறவில்லை என்றால்

இங்கேதான் ஆட்கள் மென்பொருளைக் குறை சொல்லி அடுத்ததற்குத் தாவுகிறார்கள். தாவ வேண்டாம். நான் பார்த்தவரை கோளாறு பெரும்பாலும் கீழே சொல்கிற இடங்களில்தான்.

கேபிள். செல்பேசி சார்ஜரோடு வரும் சில கேபிள்களில் மின்சாரம் போகும் ஒயர் மட்டும்தான் இருக்கும், தகவல் போகும் ஒயர் இருக்காது. போர்டில் விளக்கு எரியும், ஆனால் போர்ட் பட்டியலில் எதுவும் வராது. என் மேசை டிராயரில் இப்படி ஒரு வெள்ளை கேபிள் இருந்தது. அதனால் இரண்டு மாலைகள் போயின, ஐடிஇயை மூன்று முறை நிறுவி நீக்கினேன். இப்போது அதில் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன், யாரும் எடுத்துவிடக் கூடாதென்று.

டிரைவர். விலை மலிவான நானோ, ஊனோ நகல்களில் யூஎஸ்பி பக்கத்தில் சிஎச்340 என்ற சிறிய சிப் இருக்கும். ஈஎஸ்பி32 போர்டுகளில் அதுவோ சிபி2102 என்பதோ இருக்கும். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தோடு ஒரு பெயர் தெரிந்தால் அந்த சிப்புக்கான டிரைவரை, சிப்பைச் செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே நிறுவுங்கள்.

லினக்ஸ். உங்கள் பயனரை டயல்அவுட் என்ற குழுவில் சேர்த்துவிட்டு, ஒருமுறை வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். உபுண்டு 22.04இல் இன்னொரு வேடிக்கை உண்டு. பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவிகளுக்குத் துணைசெய்யும் பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல், சிஎச்340 சிப்பைப் பிரெய்ல் கருவி என்று நினைத்துத் தன்வசம் எடுத்துக்கொள்ளும். போர்ட் ஒரு நொடி தோன்றி மறையும். பிரெய்ல் கருவி பயன்படுத்தாதவர்கள் அந்த நிரலை நீக்கிவிட்டால் சரியாகிவிடும்.

நானோ நகலில் "நாட் இன் சிங்க்" என்று பத்து முறை வந்து நின்றால், டூல்ஸ் மெனுவில் பிராசசர் என்ற இடத்தில் ஓல்டு பூட்லோடர் என்று முடியும் வரியைத் தேர்ந்தெடுங்கள். பழைய நானோக்கள் நொடிக்கு 57600 பிட் வேகத்தில் நிரலை வாங்கிக்கொள்ளும், புதியவை 115200. ஐடிஇ ஒரு வேகத்தில் பேச, போர்டு வேறு வேகத்தில் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஈஎஸ்பி32 "கனெக்டிங்" என்று புள்ளி புள்ளியாகப் போட்டுக்கொண்டே போனால் போர்டில் பூட் என்று எழுதிய பட்டனை அழுத்திப் பிடியுங்கள். எழுதத் தொடங்கியதும் விட்டுவிடலாம்.

எஸ்3, சி3 போன்ற புதிய வகைகளில் நிரல் ஏறிவிடும், சீரியல் மானிட்டரில் (போர்டு அனுப்பும் வாசகத்தைக் காட்டும் பெட்டி) மட்டும் ஒன்றும் வராது. சிப்பே நேரடியாக யூஎஸ்பி பேசுகிற போர்டு அது. டூல்ஸ் மெனுவில் யூஎஸ்பி சிடிசி ஆன் பூட் என்பதை எனேபிள் ஆக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். சீரியல் மானிட்டரில் குப்பை குப்பையாக எழுத்து வந்தால் அங்குள்ள வேகமும் நிரலில் எழுதிய வேகமும் வேறு வேறாக இருக்கின்றன.

கடைசியாக ஒன்று, போர்டின் மேலும் கேபிளின் மேலும் பழி போடவே முடியாத கோளாறு: பழைய பாடம். ஈஎஸ்பி32 தொகுப்பின் 3ஆம் பதிப்பு 2024இல் வந்தபோது சில கட்டளைகளை மாற்றிவிட்டார்கள். விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பதற்கு முன்பு அலைவெண்ணை அமைக்க ஒரு கட்டளை, பின்னோடு இணைக்க இன்னொன்று. இப்போது இரண்டும் ஒன்றாகிவிட்டன. 2021இல் எடுத்த காணொளியைப் பார்த்து வரிக்கு வரி சரியாக அடித்தாலும் கம்பைல் ஆகாது. நிரலைப் புதிய முறைக்கு மாற்றலாம், அல்லது போர்ட்ஸ் மேனேஜரில் பதிப்பு எண்ணை 2.0.17 என்று இறக்கி நிறுவலாம். கற்கும் காலத்தில் இரண்டாவது வழியே தலைவலி குறைந்தது.

தான்னியும் பிக்கோவும்

பைத்தான் என்று முடிவு செய்தவர்களுக்குத் தான்னி. எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் உருவான எளிய எடிட்டர். மைக்ரோபைத்தானைப் போர்டில் ஏற்றும் வேலையையும் இதுவே செய்துவிடும்.

பிக்கோவில் பூட்செல் என்று எழுதிய வெள்ளைப் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே யூஎஸ்பியில் செருகுங்கள். பென்டிரைவ் செருகியதுபோல் ஒரு புதிய டிரைவ் வரும். தான்னியின் வலது கீழ் மூலையைச் சொடுக்கி, கான்ஃபிகர் இன்டர்ப்ரெட்டர் வழியாகப் போய், மைக்ரோபைத்தானை நிறுவும் வரியை அழுத்துங்கள். உங்கள் போர்டின் பெயரைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதுதான் இங்கே முக்கியம். வைஃபை உள்ள பிக்கோ டபிள்யூவும் சாதா பிக்கோவும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். சாதா பிக்கோவில் விளக்கு 25ஆம் பின்னில் இருக்கிறது, பிக்கோ டபிள்யூவிலோ அது வைஃபை சிப்போடு இணைந்திருக்கிறது. பழைய பாடத்தைப் பார்த்து 25 என்று எழுதினால் பிழையும் வராது, விளக்கும் எரியாது. எண்ணுக்குப் பதில் மேற்கோள் குறிக்குள் எல்இடி என்ற மூன்றெழுத்தை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதினால் எரியும்.

நிரல் ஒழுங்காக ஓடுகிறது, ஆனால் கணினியிலிருந்து பிடுங்கி பவர் பேங்கில் போட்டால் ஓடவில்லை என்று அடுத்த வாரம் கேட்பீர்கள். நிரலை மெயின் என்ற பெயரில், பைத்தான் கோப்பாக, கணினியில் இல்லாமல் போர்டிலேயே சேமியுங்கள். மின்சாரம் வந்ததும் போர்டு தேடுவது அந்தப் பெயரைத்தான்.

இதன் உறவுக்கார மொழி சர்க்யூட்பைத்தான், அடாஃப்ரூட் நிறுவனம் நடத்துவது. போர்டு பென்டிரைவ்போல் வரும், அதிலுள்ள கோப்பைத் திருத்திச் சேமித்தால் உடனே ஓடும். அடாஃப்ரூட்டின் சென்சார்கள் வைத்திருந்தால் இது இனிக்கும்.

மற்றவை, சுருக்கமாக

போர்டு இன்னும் கூரியரில் வந்துகொண்டிருக்கிறதா? வோக்வி என்ற தளத்தில் ஊனோ, ஈஎஸ்பி32, பிக்கோ மூன்றையும் உலாவியிலேயே பாவனையாக ஓட்டலாம். டிங்கர்கேடிலும் ஊனோவை ஓட்டலாம். ஒயரைத் தப்பாக மாட்டினாலும் காசு நட்டமில்லை. கணினியே இல்லாமல் ஆண்ட்ராய்டு செல்பேசியும் ஓடிஜி கேபிளும் மட்டும் இருப்பவர்களுக்கு ஆர்டுயினோட்ராய்டு என்ற செயலி உண்டு. ஊனோவுக்குச் சமாளிக்கலாம், அதை வைத்தே காலம் தள்ள முடியாது.

ஈஎஸ்பி-ஐடிஎஃப், மைக்ரோசிப் ஸ்டுடியோ, எஸ்டிஎம்32 கியூப்ஐடிஇ இவையெல்லாம் அந்தந்த சிப் நிறுவனங்களின் சொந்தக் கருவிகள். வேலைக்குப் போகும்போது தேவைப்படும். முதல் மாதத்தில் தொடாதீர்கள்.

பிளாட்ஃபார்ம்ஐஓ எப்போது?

பொங்கலுக்கு அக்கா மகன் மறுபடி வந்தான். இந்த முறை சாப்பிட்டுவிட்டுத்தான் பேச்சை எடுத்தான். தீபாவளிக்குப் பிறகு ஆர்டுயினோ ஐடிஇ ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு வேலை முடித்திருக்கிறான்: மாடித் தோட்டத்துக்கு ஈரம் பார்க்கும் கருவி ஒன்று, விடுதி அறையில் வெப்பம் காட்டும் சிறு திரை ஒன்று.

"மாமா, ரெண்டாவதுக்கு ஒரு லைப்ரரியை அப்டேட் பண்ணேன். இப்ப முதலாவது கம்பைல் ஆகல. நான் அதைத் தொடவே இல்ல."

பிளாட்ஃபார்ம்ஐஓவைத் தேடிப்போக வேண்டிய நேரம் இதுதான். ஆர்டுயினோ ஐடிஇயில் லைப்ரரிகள், அதாவது சென்சார், திரை போன்றவற்றுக்குப் பிறர் எழுதிவைத்த நிரல்கள், எல்லாத் திட்டங்களுக்கும் பொது. ஒன்றுக்காகப் புதுப்பித்தால் மற்றதும் மாறிவிடும். பிளாட்ஃபார்ம்ஐஓவில் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு சிறிய அமைப்புக் கோப்பு உண்டு. எந்த போர்டு, எந்த லைப்ரரி, அதில் எந்தப் பதிப்பு என்று அதில் எழுதி வைத்துவிட்டால் இரண்டு வருடம் கழித்து வேறு கணினியில் திறந்தாலும் அதே பதிப்புதான் இறங்கும்.

அன்று மாலையே மாற்றிக் கொடுத்தேன். விஎஸ் கோடின் எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் பிளாட்ஃபார்ம்ஐஓவைத் தேடி நிறுவினோம். அவனிடம் ஏற்கெனவே இருந்ததை தீபாவளியன்றே நீக்கச் சொல்லியிருந்தேன். புதுத் திட்டம், போர்டின் பெயர், ஃபிரேம்வொர்க் என்ற இடத்தில் ஆர்டுயினோ. பழைய நிரலை அப்படியே வெட்டி மெயின் கோப்பில் ஒட்டினால் கம்பைல் ஆகாது, இரண்டு திருத்தம் வேண்டும். உச்சியில் ஆர்டுயினோ ஹெடர் கோப்பைச் சேர்க்கும் வரி ஒன்று. அடுத்து, கீழே எழுதிய ஃபங்ஷனை மேலே கூப்பிட்டிருந்தால் அதன் பெயரை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். ஆர்டுயினோ ஐடிஇ இந்த இரண்டையும் நமக்குத் தெரியாமல் தானே செய்துவந்தது. சீரியல் மானிட்டரின் வேகமும் இங்கே 9600 என்று இருக்கும். 115200 வேண்டுமென்றால் அதையும் அமைப்புக் கோப்பில் ஒரு வரியாக எழுத வேண்டும்.

இன்னொன்றும் சொன்னேன். ஈஎஸ்பி32 தொகுப்பின் 3ஆம் பதிப்பு பிளாட்ஃபார்ம்ஐஓவின் அதிகாரபூர்வத் தொகுப்பில் சேரவில்லை, அது 2ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. பிஐஓஆர்டுயினோ என்ற பெயரில் ஆர்வலர்கள் நடத்தும் கிளைத் தொகுப்பில்தான் 3 கிடைக்கிறது. அவன் போர்டு பழைய ஈஎஸ்பி32, அதனால் கவலையில்லை. சி6 வாங்கினால் ஆர்டுயினோவுக்கு 3ஆம் பதிப்பு கட்டாயம். அப்போது அந்தக் கிளைக்குப் போக வேண்டும், அல்லது ஆர்டுயினோ ஐடிஇயிலேயே இருந்துவிட வேண்டும்.

ஈரம் பார்க்கும் கருவியின் நிரலை முதலில் மாற்றினோம். கம்பைல் ஆனது. அப்லோடு அழுத்தினான், போர்ட் கிடைக்கவில்லை என்று சிவப்பில் ஒரு வரி வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவனே கீழே பட்டையைப் பார்த்து, திறந்து கிடந்த ஆர்டுயினோ சீரியல் மானிட்டரை மூடினான்.